ஒரு கம்பிக் குழாயின் கதை

மோட்டார் வண்டியில் ஓட்டுநரின் இடக்காலுக்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு. கிளட்ச் என்னும் மிதியை அழுத்துவதும் விடுவிப்பதுமே அது. அழுத்தும்போது என்ஜினின் சுழற்சிக்கும் சக்கரங்களுக்கும் உள்ள தொடர்பு அறுகிறது. விடும்போது மீண்டும் கூடுகிறது. அந்தச் சிறு இடைவேளையில்தான் கியரை மாற்ற இயலும். கலைச்சொல் வல்லார் இவ்வுறுப்பிற்கு ‘உரசிணைப்பி’ என்று பெயரிட்டிருக்கின்றனர். நல்ல பெயர்தான். ஆயினும், பெங்களூர் அல்சூரில் உள்ள ஒரு பட்டறைக்குச் சென்று, “ஐயா, உரசிணைப்பி பழுதாகிவிட்டது” என்று சொல்வோமாயின், மேஸ்திரி நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். ஆகவே நாமும் கிளட்ச் என்றே வைத்துக்கொள்வோம்.

என் நண்பர் ஒருவரிடம் பழைய வோக்ஸ்வாகன் வண்டி ஒன்று இருக்கிறது. வண்டின் முதுகைப் போல் வளைந்த கூரையுடைய, பின்புறத்தில் என்ஜின் பொருத்தப்பெற்ற, அந்தச் சிறிய ஜெர்மானிய வண்டியை நேயர்கள் படத்திலேனும் பார்த்திருப்பீர்கள். அவ்வண்டியில் முதல் கியரும் பின்செல்லும் கியரும் விழ மறுத்தன. விழும்போது பற்சக்கரங்கள் நறநறவென்று கத்தின. நண்பர் இரண்டு பட்டறைகளுக்குச் சென்றார். ஓரிடத்தில் கிளட்ச் கேபிளை மாற்றினார்கள். மற்றோரிடத்தில் என்ஜினையே இறக்கிக் கிளட்ச் தட்டை மாற்றினார்கள். பணம் போயிற்று, குறை போகவில்லை. மூன்றாவதாகத்தான் அல்சூரில் ஒரு முதியவரிடம் வந்து சேர்ந்தோம். அவர் வண்டியின் அடியில் படுத்துக்கொண்டு, உதவிக்கு நின்ற சிறுவனை நோக்கி, “தம்பி, மிதி... விடு... மிதி” என்று நான்கைந்து முறை சொன்னார். பிறகு வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, “கேபிள் மேல தப்பு இல்ல சார். உள்ளே குழாய் நடக்குது” என்றார்.

குழாய் நடக்கிறது என்ற இரண்டு சொற்களில் நோய் முழுவதும் அடங்கியிருந்தது. அதனைச் சற்று விளக்கவேண்டும்.

இவ்வண்டியில் மிதி முன்புறத்திலும், கிளட்ச் பின்புறத்திலும் உள்ளன. இரண்டையும் இணைப்பது ஏறத்தாழ இரண்டேகால் மீட்டர் நீளமுள்ள ஓர் எஃகுக் கம்பி. வண்டியின் தரைத் தகட்டின் நடுவே, முன்னிருந்து பின்னாக, முதுகெலும்பைப் போல ஒரு பொள்ளலான தண்டு ஓடுகிறது. அதனுள் ஒரு மெல்லிய குழாய் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. கம்பி அக்குழாயினுள் செல்கிறது. குழாய் முடியும் பின்முனையில் வளையக்கூடிய உறை ஒன்று தொடர்ந்து, கியர்ப்பெட்டியின் அருகில் உள்ள ஒரு தாங்கியில் போய் முட்டுகிறது. மிதியை அழுத்தினால் கம்பி முன்னோக்கி இழுபடும். அதே வேளையில் உறையும் குழாயும் அந்த இழுப்புக்கு எதிராக முட்டுக்கொடுத்து நிற்கும். கம்பி அசைய வேண்டுமாயின் குழாய் அசையாமல் இருக்க வேண்டும். குழாயைத் தண்டின் சுவரோடு சேர்த்து வைத்திருக்கும் சிறு பற்றுகள் துருப்பிடித்தோ, ஆண்டுகள் பல மிதிபட்ட களைப்பாலோ விட்டுப்போயின், மிதிக்கும்போது குழாயே முன்னோக்கி நகர்ந்துவிடும். கிளட்ச் நெம்புகோலுக்குச் சேர வேண்டிய விசையைக் குழாய் தின்றுவிடும். புதிய கேபிள் பத்து மாற்றினாலும் பயன் இராது.

கம்பி இழுக்க, உறை முட்டுக்கொடுக்கும் இந்த அமைப்புக்கு அயர்லாந்தில் பிறந்த எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் என்பவர் 1896ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் உரிமைப் பத்திரம் பெற்றார். சைக்கிளின் பிரேக்குக் கம்பியில் இன்றும் அதனைக் காண்கிறோம். வளைந்த வழியில் நேரான இழுப்பை அனுப்பும் உபாயம் இதைப்போல் எளியது வேறொன்றில்லை என்பது என் எண்ணம்.

இனி, ஜெர்மனியில் உருவான ஒரு வண்டியின் வயிற்றுக்குள் இருக்கும் நோயைப் பெங்களூரின் ஒரு சந்தில் உள்ள முதியவர் எங்ஙனம் கண்டறிந்தார் என்று கேட்க வேண்டாவா? அதற்கு விடை காண இந்நகரின் வரலாற்றுக்குள் சிறிது செல்லவேண்டும்.

பெங்களூர் இரண்டு ஊர்களாக வளர்ந்தது. ஒன்று கெம்பே கௌடரின் பேட்டை. மற்றொன்று, 1809ஆம் ஆண்டில் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஆங்கிலேயப் படை இங்கு மாற்றப்பட்டபோது தோன்றிய தண்டு, அதாவது கண்டோன்மெண்ட். படையோடு படைக்கு வேண்டிய எல்லோரும் வந்தனர். கொல்லர், தச்சர், தோல் தைப்போர், வண்டி ஓட்டுவோர், கொத்தர் என வந்தோருள் மிகப் பலர் ஆர்க்காட்டுப் பக்கத்துத் தமிழர். சென்னைப் பொறியியற் படையின் தலைமையிடமும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கே வந்தது. பாலம் கட்டுவதும் வழி வெட்டுவதும் அப்படையின் தொழில். அதன் வீரர்களை இன்றும் ‘தம்பிகள்’ என்றே அழைக்கிறார்கள். கையில் கருவி பிடித்த தமிழன் இந்நகருக்கு வந்தது இவ்வாறுதான். ஐந்தாறு தலைமுறைக்குப் பின்னும் அல்சூரிலும் சிவாஜி நகரிலும் தெருப்பேச்சில் தமிழ் ஒலிப்பதற்கு அதுவே காரணம். தண்டும் பேட்டையும் 1949இல்தான் ஒரே மாநகராட்சியின்கீழ் வந்தன.

மோட்டார்த் தொழிலைப் பொறுத்தவரை பெங்களூருக்கு ஒரு பெரிய ஏமாற்றம் நேர்ந்தது. மைசூர் சமஸ்தானத்தின் திவானாக 1912 முதல் 1918 வரை விளங்கிய சர் விசுவேசுவரய்யா, ஓய்வு பெற்ற பின்னரும் ஓய்ந்திருக்கவில்லை. 1935ஆம் ஆண்டில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று, அங்குள்ள மோட்டார்த் தொழிற்சாலைகளை நேரில் ஆராய்ந்து திரும்பினார். இந்தியாவிலேயே கார்களைச் செய்யவேண்டும் என்பது அவர் கொள்கை. பம்பாய்த் தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் அத்திட்டத்தை ஏற்றார். திவான் சர் மிர்ஸா இஸ்மாயிலின் தலைமையில் இருந்த மைசூர் அரசும் தொழிற்சாலையைப் பெங்களூரில் நிறுவக் கைகொடுக்க முன்வந்தது. ஆனால் ஆங்கில அரசின் இசைவு கிட்டவில்லை. தொழிற்சாலை காகிதத்திலேயே நின்றது. வால்சந்த் பின்னர் 1944இல் பம்பாயில் பிரீமியர் நிறுவனத்தைத் தொடங்கினார். பிர்லாக்கள் 1942இலேயே இந்துஸ்தான் மோட்டாரைத் தொடங்கியிருந்தனர். சென்னைக்கும் 1948இல் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் வந்தது. முதலில் எண்ணிய பெங்களூருக்கு மட்டும் அக்காலத்தில் கார்த் தொழிற்சாலை வரவில்லை.

வந்தது வேறொன்று. அதே வால்சந்த், அதே மிர்ஸா இஸ்மாயிலின் ஆதரவுடன், 1940ஆம் ஆண்டு டிசம்பரில் பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையைத் தோற்றுவித்தார். புதிய விமானங்களைச் செய்வதற்காகத் தொடங்கிய அத்தொழிற்சாலை, யுத்தம் முற்றிய காலத்தில் பெரும்பாலும் பழுதுபார்க்கும் சாலையாகவே மாறிற்று. 1943இல் அமெரிக்க விமானப் படை அதன் நிர்வாகத்தை ஏற்றது. கிழக்குப் போர்முனையில் அடிபட்ட விமானங்கள் இங்கே வந்து குணமடைந்து சென்றன. கட்டலினா என்னும் நீர்விமானங்கள் பெல்லந்தூர் ஏரியில் வந்து இறங்கின! இன்று அவ்வேரியின் நுரையைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொண்டு செல்வோர் இதனை நம்புவது கடினம்.

விமானத்தைப் பழுதுபார்ப்பது என்றால் என்ன? இறக்கையையும் வாலையும் அசைப்பவை அக்காலத்தில் எஃகுக் கம்பிகளே. கம்பியை முறுக்கவும், முடியவும், அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்கவும், மெல்லிய தகட்டைத் தட்டிச் சீராக்கவும் ஆயிரக்கணக்கான தொழிலாளர் அங்கே பழகினர். தண்டுப் பகுதித் தமிழரும் அவர்களுள் இருந்தனர். யுத்தம் முடிந்து வேலை குறைந்தபோது, அங்கே கைபழகியவர்கள் அக்கைத்திறத்தை ஊருக்குள்ளும் கொண்டுவந்தனர் என்று நான் கருதுகிறேன். அடுத்த சில ஆண்டுகளில் 1948இல் தொலைபேசித் தொழிற்சாலை, 1951இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத் தொடர்புடன் மைக்கோ, 1953இல் இயந்திரக் கருவித் தொழிற்சாலையான எச்.எம்.டி. என ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது, லேத்தும் மில்லிங் இயந்திரமும் அறிந்த கைகள் இந்நகரில் பெருகின.

இதற்கிடையே டெல்லியில் நடந்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1949இல் முழு உருவில் கார்களை இறக்குமதி செய்வது நிறுத்தப்பட்டது. 1953இல், இந்நாட்டிலேயே படிப்படியாக உறுப்புகளைச் செய்ய முன்வராத நிறுவனங்கள் இங்கே வண்டி பூட்டுதல் கூடாது என்ற கொள்கை வகுக்கப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 1954இல் பம்பாய்த் தொழிற்சாலையை மூடிற்று. நாட்டின் தொழில் வளர்ச்சிக்காகச் செய்த ஏற்பாடு அது. அதன் நன்மை தீமைகளைப் பொருளாதார அறிஞர்கள் ஆராயட்டும். நமக்கு வேண்டியது இதன் மற்றொரு விளைவு. அதற்கு முன் வந்திறங்கிய அயல்நாட்டு வண்டிகள் யாவும் தாயற்ற பிள்ளைகளாயின. உதிரிப் பாகம் கிடைப்பது அரிதாயிற்று. பின்னாட்களில் தூதரகத்தாரும் வெளிநாட்டு நிபுணர்களும் கொண்டுவந்த வண்டிகள் அரசாங்க வர்த்தகக் கழகத்தின் வழியாக ஏலத்தில் விற்கப்பட்டு நம்மவர் கைக்கு வந்தன. அவற்றுக்கும் அதே கதிதான். 1956இல் கூர்ட் டாங்க் என்னும் ஜெர்மானிய விமான நிபுணர் தம் குழுவினருடன் பெங்களூர் வந்து, 1961இல் வானேறிய மாருத் போர்விமானத்தை இங்கே வடிவமைத்தார் என்பதையும் நினைவு கூரலாம். ஜெர்மானியரின் பொறியும் வேலைமுறையும் இந்நகருக்குப் புதியன அல்ல.

பாகம் கிடைக்காத இடத்தில் பாகத்தைச் செய்பவன் பிறக்கிறான். டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் நோக்கிச் செல்லும் ஜெயசாமராஜேந்திர சாலையில், ஜே.சி. ரோடு என்றால் எல்லோருக்கும் தெரியும், மோட்டார் உதிரிக் கடைகள் நெருங்கின. சிவாஜி நகரில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைகள் தோன்றின. ஒரு வண்டியின் சாவு மற்றொரு வண்டியின் ஆயுள் ஆயிற்று. கன்னடமும் தமிழும் தக்கணி உருதும் கலந்த ஒரு பட்டறை மொழி உருவாயிற்று. ‘ஸ்பானர்’ ‘பானா’ ஆயிற்று. அரை அங்குலத்தையும் பன்னிரண்டு மில்லிமீட்டரையும் விரல் நுனியாலேயே வேறுபடுத்தும் பிள்ளைகள் வளர்ந்தனர்.

தொழிற்சாலைகளைப் பற்றி நூல்கள் உண்டு, திறப்பு விழாப் படங்கள் உண்டு, ஆண்டறிக்கைகள் உண்டு. இந்தப் பட்டறைகளைப் பற்றி என்ன உண்டு? அன்று கார் செய்யாத நகரம் காரைச் சாகாமல் வைத்திருக்கக் கற்றது என்பதே பெங்களூரின் மோட்டார் வரலாறு. அதில் பாதியை எழுதியவர்கள் ஒரு வரியும் எழுதாதவர்கள்.

இனி அல்சூர்ப் பட்டறைக்குத் திரும்புவோம். முதியவர் வேலையைத் தொடங்கிய முறையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அவர் பின்னிருக்கையைத் தூக்கி, அதனடியில் இருந்த பாட்டரியைக் கழற்றினார். அடுத்துப் பெட்ரோல் தொட்டியை வடித்து, அதையும் கழற்றிச் சந்தின் மறுகோடியில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். காரணம் இது: கம்பிக் குழாய் ஓடும் அதே தண்டினுள்தான் பெட்ரோல் குழாயும் ஓடுகிறது. அங்கே நெருப்பு வைத்துப் பற்ற வேண்டும். ஒரு துளி ஆவி தங்கியிருந்தாலும் வண்டியும் போகும், ஆளும் போவான். குழாயின் இரு முனைகளையும் அடைத்து, காற்றை ஊதி, அரை நாள் அப்படியே விட்டுவிட்டார். நண்பருக்குப் பொறுமை இல்லை. முதியவருக்கு இருந்தது.

பிற்பகலில் கம்பியை உருவினார். கம்பியின் பின்முனையில் காது போன்ற மரை ஒன்று இருக்கிறது; அதனைக் கழற்றி, முன்புறம் மிதிகளின் தொகுதியையே வெளியே எடுத்து, கொக்கியிலிருந்து கம்பியை விடுவிக்க வேண்டும். பிறகு கியர்க்கோலை எடுத்த துளையின் வழியாகச் சிறு விளக்கை விட்டு, கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். பின்முனைக்கு அருகில் இருந்த பற்று விட்டுப்போயிருந்தது. குழாய் அந்த இடத்தில் தளர்ந்து, தொட்டால் ஆடிற்று.

அதன்பின் சுண்ணாம்புக் கட்டியால் தண்டின் மேல் ஒரு சதுரம் வரைந்தார். மூன்று பக்கம் மட்டும் அறுத்தார். நான்காவது பக்கத்தைக் கீலாகக் கொண்டு தகட்டைக் கதவுபோல் மடக்கித் திறந்தார். “முழுசா வெட்டி எடுத்தா, திரும்ப வைக்கும்போது அளவு மாறும் சார்” என்பது அவர் விளக்கம். ஈரத் துணிகளைச் சுற்றிலும் அடுக்கி, குழாயை நேராக்கி, உள்ளே கம்பியின் பருமனுக்குச் சற்று மிகுந்த ஓர் எஃகுக் கோலைச் செருகினார். பற்றவைக்கும் வெப்பத்தில் குழாய் நசுங்காமலும், உருகிய உலோகம் உட்புகுந்து வழியை அடைக்காமலும் இருக்க இந்த உபாயம். மின்சார வெல்டிங்கை அவர் நாடவில்லை. மெல்லிய குழாயை அது தின்றுவிடும் என்று கூறி, வாயுச் சுடரில் பித்தளையை உருக்கிப் பற்றுவைத்தார். பித்தளை பொன்னிறமாக ஓடி, குழாயையும் தாங்கியையும் சூழ்ந்து நின்றதைக் காணக் கண்ணுக்கு இனிமையாக இருந்தது.

ஆறியபின் கோலை உருவிக் கம்பிக்குக் கிரீஸ் தடவி உள்ளே செலுத்தினார். கடைசியாக அவர் பார்த்தது, பின்புறத்து வளையும் உறையின் தொய்வு. அது நேராகவும் இருத்தல் ஆகாது. மிகத் தொங்கவும் ஆகாது. இரண்டரை முதல் நாலரை சென்டிமீட்டர் வரை வளைந்து தொங்கினால்தான் கிளட்ச் அதிராமல் பிடிக்கும். இரண்டு வாஷர்களைச் செருகி அந்த வளைவைக் கொண்டுவந்தார். அளவுகோல் எடுக்கவில்லை, இரண்டு விரல்களை வைத்துப் பார்த்தார். நான் பின்னர் அளந்து பார்த்தேன். மூன்று சென்டிமீட்டர் இருந்தது.

கதவுத் தகட்டை மூடிப் பற்றவைக்கும் முன் நண்பருக்கு ஓர் ஐயம் எழுந்தது. மத்திய அரசு 2021ஆம் ஆண்டு ஜூலையில் பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதிகளை வெளியிட்டது. முதற் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த வண்டிகள், மூல உருவம் மாறாமல் இருப்பின், ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண் பெறலாம். அடிச்சட்டத்திலோ உடற்கூட்டிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருத்தல் கூடாது. தண்டை அறுத்தது மாற்றம் ஆகுமோ என்று நண்பர் அஞ்சினார். என் கருத்து இது: மருத்துவர் வயிற்றைத் திறந்து மூடுவதனால் ஆள் வேறாளாக மாட்டான். இருந்த உறுப்பை இருந்த இடத்திலேயே நிலைநிறுத்துவது பழுதுபார்த்தல், மாற்றம் அன்று. ஆனால் இதனைச் சோதனை அதிகாரி ஒருவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமாயின், எதைச் செய்தோம், ஏன் செய்தோம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடித்து வைத்தோம்.

இந்த வண்டி உலகெங்கும் இரண்டு கோடியே பதினைந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டு, 2003ஆம் ஆண்டு ஜூலையில் மெக்ஸிகோவில் நின்றுபோயிற்று. கடல் கடந்து புதிய குழாயை வரவழைத்தாலும் பற்றவைக்க ஒரு கை வேண்டும். இன்றைய வண்டிகளுள் பலவற்றில் கிளட்சை எண்ணெய் அழுத்தமே இயக்குகிறது. கிளட்ச் மிதியே இல்லாத வண்டிகளும் பெருகிவிட்டன. ஆதலின் கம்பியும் குழாயும் அறிந்த கைகள் குறைந்து வருகின்றன. முதியவரிடம் வேலை பழகும் அந்தச் சிறுவன் அவருடைய சகோதரியின் பேரன். பகலில் தொழிற்பயிற்சிப் பள்ளிக்குச் சென்று, மாலையில் இங்கே வருகிறான்.

வண்டி தயாரானபின் முதியவர் என்னிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார். “நீங்க எழுதறவங்க. இந்த வேலையை வரிசையா எழுதிக் கொடுங்க சார். என் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு” என்றார். அன்றிரவே இரண்டு தாள்களில் தெளிவாக எழுதி, மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை வாங்கிச் சிறுவனிடம் நீட்டினார். சிறுவன் தாளைப் பார்த்துவிட்டுத் தயங்கினான். வீட்டில் தமிழ் பேசுகிறான். படித்ததெல்லாம் கன்னடப் பள்ளியில். தமிழ் எழுத்து அவனுக்குத் தெரியாது. மும்பையிலும் டெல்லியிலும் கொல்கத்தாவிலும் இதனைப் படிக்கும் நேயர்களின் வீடுகளிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கக் கூடும்.

கிழவர் ஒரு கணம் பேசாமல் இருந்தார். பிறகு என்னை அமரச் சொல்லி, “நீங்க படிங்க, அவன் எழுதிக்கட்டும்” என்றார். நான் வாசிக்க வாசிக்க, அவன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அந்தத் தமிழ்ச் சொற்களையே கன்னட எழுத்தில் எழுதிக்கொண்டான். பாட்டரியைக் கழற்று என்பது முதல் வரி. பெட்ரோல் தொட்டியை எடுத்துத் தூரத்தில் வை என்பது இரண்டாவது. அதன்கீழ் அவனாகவே இரண்டு கோடுகள் கிழித்தான்.